காலி இடத்துக்கும் ஈயம் வேண்டும்

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் அப்படி விழுந்து விழுந்து சிரித்திருக்கக் கூடாது என்று உன் அம்மா இன்னும் என்னை ஏசிக்கொண்டிருக்கிறாள். நீ பாதித் தட்டோடு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். நாளை மறுநாள் பட்டாளத்தில் தேசிய சேவைக்குப் போகப்போகிறவன் நீ. முகாமில் படுத்துக்கொண்டு, அப்பா ஏன் சிரித்தார் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கே யோசிப்பதற்கு வேறு நிறைய இருக்கும். அதனால் இதை எழுதி உன் பைக்குள், துவைத்த சட்டைகளுக்கு அடியில் வைக்கிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உன் அம்மா நடுவில் புகுந்து பாதிக் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். எழுத்தில் அவளால் அது முடியாது. இப்போதும் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

படிப்பு முடிந்து முகாம் அழைப்புக்குக் காத்திருந்த மாதங்களில் ஷென்டன் வேயில் ஒரு கம்ப்யூட்டர் ரூமில் வேலைக்குச் சேர்ந்தாய். பல கம்பெனிகளுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கும் இடம். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "லெட்டர் ஒண்ணுதான்பா. பேரு, அட்ரஸ், டைட்டில் இதெல்லாம் வேரியபிள். டெம்ப்ளேட்ல அதுக்கு இடம் விட்டிருக்கேன். யாருக்காவது டைட்டில் இல்லன்னா அந்த இடம் காலியா வரணும். ஆனா முன்னாடி போன ஆளோட டைட்டில் அங்கேயே நின்னுடுதுலா. ஒரு டாக்டருக்குப் பின்னாடி மளிகைக் கடைக்காரர் வந்தாரு. அவரும் டாக்டர் ஆயிட்டாரு. அதுக்கப்புறம் லாரி டிரைவர், அவரும் டாக்டர். மேனேஜர் எல்லார் முன்னாடியும் ஏசிட்டாரு." நீ இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அடக்க முடியவில்லை. நான் மட்டுமா சிரித்தேன், ஜன்னலோர நாற்காலியில் இருந்த உன் தாத்தாவுக்குப் புரையேறி, அம்மா ஓடிப்போய் அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நாங்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தம்பி. உன் மளிகைக் கடைக்காரர் எந்த வழியாக டாக்டர் ஆனாரோ, அதே வழியாகத்தான் உன் தாத்தா ஒரு தடவை செத்துப்போனார். அந்தச் சாவு இல்லாவிட்டால் எனக்குக் கல்யாணம் இல்லை, நீயும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தேக்கா பழைய மார்க்கெட்டின் மீன்வாடை எட்டும் தூரத்தில், சாகுல் நானா ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். வாய் நிறைய வெற்றிலையும் சிரிப்புமாக இருப்பார். அவரிடம் கவுண்டரில் இருந்தேன் நான். வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதி உள்ளே கொடுப்பது என் வேலை. உள்ளே ரெங்கன் அண்ணன் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோப்பார். எங்களுக்குச் சோறு போட்டது கல்யாணப் பத்திரிகைதான். இந்துக்கள், எங்களைப் போன்ற கத்தோலிக்கர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். நானாவுக்கு எல்லாருடைய கல்யாணமும் தம் வீட்டுக் கல்யாணம்தான். பாதி விருந்துக்கு அழைப்பில்லாமலே போய்விடுவார்.

ஒவ்வொரு பத்திரிகையையும் முதலிலிருந்து கோப்பதென்றால் நாள் போதாது. அதனால் ரெங்கன் அண்ணன் மூன்று மாதிரிகளை நிரந்தரமாகக் கோத்து, நூலால் இறுக்கிக் கட்டி, தட்டில் வைத்திருப்பார். பிள்ளையார் படத்தோடு ஒன்று, சிலுவையோடு ஒன்று, பிறை நிலாவோடு ஒன்று. எல்லாப் பத்திரிகைக்கும் பொதுவான வாசகங்கள் அதில் அப்படியே நிற்கும். பெயர், நாள், நேரம், இடம், பெற்றோர் இவற்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் உருவிவிட்டுப் புதியதைச் செருகுவார். நீ சொல்கிற டெம்ப்ளேட் அதுதான். உருவிச் செருகுவதெல்லாம் உன் வேரியபிள். அந்தப் பெயர்கள் தெரியாமலே நாங்கள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம், நீ செய்த அதே தவறோடு.

ஒரு நாள் பகலில், கையில் ஒரு பத்திரிகையோடு ஒருவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மாணிக்கம், துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு எங்களிடம் பத்திரிகை அடித்திருந்தார். அந்தப் பத்திரிகையைக் கவுண்டரில் வைத்து, தம் பெயருக்கு முன்னால் விரலை ஊன்றி, ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

"தம்பி, நான் எப்போ செத்தேன்?"

குனிந்து பார்த்தேன். 'காலஞ்சென்ற திரு. மாணிக்கம் அவர்களின் மூத்த மகள்' என்று பளிச்சென்று அடித்திருந்தது. தங்க மையில் வேறு. அவர் மேலே பேசினார். "ஈப்போவுல இருந்து தந்தி வந்திருக்கு. என் மச்சான் மாலையோட வந்து கதவத் தட்டினான். தொறந்தது நான். அவனுக்கு மயக்கமே வந்திடுச்சு. வீட்ல எம் பொண்டாட்டி அடுப்புப் பத்த வைக்கல. கல்யாணக் கார்டுல இப்படி வந்தா என்ன அர்த்தம்னு நீயே சொல்லு." நானா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். காசு வாங்காமல் மறுபடி அடித்துத் தருகிறோம், வீடு வீடாகப் போய்ப் பழசை வாங்கி வருகிறோம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். மாணிக்கம் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

யார் செய்த தவறு என்று தேடினோம். யாருமே செய்யவில்லை என்பதுதான் கொடுமை. அதற்கு முந்தைய பத்திரிகையில் பெண்ணின் அப்பா உண்மையிலேயே இறந்தவர். ரெங்கன் அண்ணன் அந்தச் சொல்லைச் செருகியிருந்தார். மாணிக்கத்தின் விவரத்தை நான் எழுதிக் கொடுத்தபோது 'உயிரோடு இருக்கிறார்' என்று எழுதவில்லை. யார் எழுதுவார்கள்? கோத்தவர் பெயரை மட்டும் மாற்றினார், முன்னால் நின்ற சொல்லை எடுக்கச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை. சரி, அச்சுக்குப் போகும் முன்னால் சரிபார்க்க ஆள் வந்தாரே என்கிறாயா? பெண்ணின் தாய்மாமன் வந்தார். தம் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறது, சித்தப்பா பெயருக்கு மேலேயா கீழேயா என்று பார்த்தார், மேலேதான் என்று திருப்திப்பட்டார், கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். தம் அக்காள் புருஷன் செத்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

புதுப் பத்திரிகை வாங்க மாணிக்கம் வரவில்லை. அவருடைய இளைய மகளை அனுப்பினார். ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். சாவித்திரி என்று பெயர். அந்தப் பெயரை எழுதும்போது என் முதுகில் ஒரு விரல் குத்துகிறது. ஒழுங்காக எழுது என்கிறாள். ஒழுங்காகவே எழுதுகிறேன். அவள் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து அப்பா பெயரைப் படித்தாள். எல்லாம் ஒரே அச்சுதானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். "உங்கள நம்பி ஒரு தடவ பாக்காம விட்டோம்" என்றாள். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு இடத்துல ஒண்ணும் வரக்கூடாதுன்னா, அத உள்ள இருக்கிறவருக்கு யாரு சொல்லணும்?"

"ஒண்ணும் இல்லன்னா என்னத்தச் சொல்றது?"

"ஒண்ணும் இல்லன்னுதான். எங்க ஆபீஸ்ல விவரம் இல்லாத இடத்துல கோடு போட்டுத்தான் குடுக்கணும். வெறுமனே விட்டா எங்க மேனேஜர் பேப்பர மூஞ்சிலயே திருப்பி வீசுவாரு. மறந்துட்டியா, விவரமே இல்லையான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். பத்திரிகைக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்தைக் கடந்து போய்விட்டாள். நான் கவுண்டரில் நின்றபடியே நின்றேன். ஒரு பெண் நடந்துபோவதை இவ்வளவு நேரம் பார்க்கிறாயே என்று நானா கேலி செய்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை மட்டும் அல்ல. விவரம் கேட்கிற எனக்கும் கோக்கிற ரெங்கன் அண்ணனுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அதை இத்தனை காலம் யாருமே செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த விவரத்தை அப்படியே உள்ளே தள்ளக் கூடாது. அதை முதலில் தயார் செய்ய வேண்டும். பத்திரிகையில் எத்தனை இடம் விட்டிருக்கிறதோ அத்தனைக்கும் பதில் இருக்க வேண்டும், இல்லை என்பதும் ஒரு பதிலாக.

அந்த வாரமே ஒரு சீட்டு தயாரித்தேன். மூன்று மாதிரிகளிலும் எந்தெந்த இடம் மாறுமோ அவை எல்லாம் அதில் இருக்கும். பெயருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, அப்பா இருக்கிறாரா, அம்மா இருக்கிறாரா, நேரத்தை எப்படிப் போடுவது, எல்லாவற்றையும் கவுண்டரிலேயே முடிவு செய்து, பத்திரிகையில் எப்படி வர வேண்டுமோ அப்படியே முழுசாக எழுதிவிடுவேன். ஒன்றும் வராத இடத்தில் 'காலி' என்று எழுதுவேன். ரெங்கன் அண்ணன் சீட்டைப் பார்த்துக் கோக்க வேண்டியதுதான், எதையும் யோசிக்க வேண்டாம். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முழு உடம்போடு என் எதிரில் நிற்கிற மனுஷனிடம், "ஐயா, நீங்க உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டுப் பார், அப்போது தெரியும். ஒருவர் குடையை ஓங்கிவிட்டார். இன்னொருவர், "இப்போதைக்கு இருக்கேன், உங்க பில்லப் பாத்தப்புறம் கேளுங்க" என்றார்.

நானாவுக்குக் கவலை. "தம்பி, வர்ற ஆளையெல்லாம் செத்தியா பொழச்சியான்னு கேட்டா வியாபாரம் படுத்துடும்லா" என்றார். ரெங்கன் அண்ணனுக்குக் கோபம். "எனக்குக் கோக்கத் தெரியாதா? நீ சொல்லி நான் செய்யணுமா?" என்று என்னோடு பேசுவதையே நிறுத்தினார். பிறகு சீட்டின் ருசி அவருக்கே தெரிந்தது. முன்பு ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஐந்தாறு தடவை எழுந்து வந்து என்னிடம் கேட்டுப் போவார். இப்போது ரேடியோவில் நாடகம் கேட்டுக்கொண்டே கோத்துவிடலாம். ஒரு நாள் 'காலி' என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டி, எழுத்தில்லாத ஒரு சின்ன ஈயத் துண்டை எடுத்துச் செருகினார். "காலி இடத்துக்கும் ஈயம் வேணும்டா. சும்மா விட்டா பக்கத்து எழுத்து சரிஞ்சு வந்து உக்காந்துக்கும்" என்றார். எங்கள் சமாதானம் அப்படித்தான் ஆயிற்று. அதன் பிறகு எங்கள் கடையில் உயிரோடு இருக்கிற யாரும் சாகவில்லை.

சாவித்திரிக்கு இந்தச் சீட்டு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாயா? அவளுடைய அலுவலகத் தோழிக்குக் கல்யாணம் என்று அழைத்துவந்தாள். அப்புறம் இன்னொரு தோழி. அப்புறம் யாரோ ஒரு தோழியின் அண்ணன். ராபின்சன் ரோட்டில் அந்த வருடம் கல்யாணம் ஆகாதவர்களே இல்லை போலிருந்தது. "அவ்வளவு தடவையெல்லாம் வரல" என்று பின்னாலிருந்து மறுப்பு வருகிறது. வந்தாள், அருள். நானா சாட்சி. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கவுண்டரில் யாரும் இல்லாதபோது, புதுச் சீட்டு ஒன்றை எடுத்து மணமகன் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தேன். மணமகள் என்ற இடத்தைப் படித்தாள். "இங்க வெறுமனே விட்டிருக்கீங்க. மறந்துட்டீங்களா, யாருமே இல்லையா?" என்றாள். பேனாவை நீட்டினேன். வாங்கி எழுதினாள். உன் அப்பாவின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய காரியம் எதுவும் நடக்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன்.

ஆனால் மாணிக்கம் இருக்கிறாரே. நான் கத்தோலிக்கன், அது போதாதென்று, அவரைச் சாகடித்த கடையில் கவுண்டரில் இருந்தவன். துறைமுகக் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கு நானாவை அழைத்துக்கொண்டு போனேன். என் அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே தவறிவிட்டார், அதனால் பெரியவராக நானா வந்தார். மாணிக்கம் எங்களை உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். பிறகு தம் நண்பர் ஒருவரின் மகளைப் பற்றிச் சொன்னார். அதுவும் இரண்டு மதத்துக் கல்யாணம். ஆளுக்கொரு பத்திரிகை அடித்தார்கள். ஒன்றில் பெண்ணுக்கு ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். ஒன்றில் தேவாலயம், இன்னொன்றில் ஏதோ மண்டபம். கல்யாணத்தன்று பெண்ணின் சொந்தக்காரர்கள் மண்டபத்தில் காத்திருந்துவிட்டு, சடங்கெல்லாம் முடிந்த பிறகு தேவாலய வாசலில் வந்து நின்றார்கள்.

"மதத்துக்கு நான் பயப்படல தம்பி" என்றார். "எம் பொண்ண யாராவது மறைச்சு வைக்கிறதுக்குத்தான் பயப்படுறேன். நீங்க எத்தன கார்டு வேணும்னாலும் அடிங்க. புள்ளையாரு போடுங்க, சிலுவ போடுங்க, அவ ஆபீஸ்காரங்களுக்கு இங்கிலீஷ்ல போடுங்க. ஆனா எல்லாத்திலயும் விஷயம் ஒண்ணா இருக்கணும். ஒண்ணுக்கொண்ணு ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கல்யாணம் இல்ல. கார்டு அடிச்சு எங்கிட்ட காட்டு. அப்புறம் நான் சரின்னு சொல்றேன்." நானா வெளியே வந்ததும், "வாப்பா, பொண்ணு கேக்கப் போனோமா, டெண்டர் எடுக்கப் போனோமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கார்டில் ஒரு பிசகு வந்தால் சாவித்திரி எனக்கு இல்லை என்பது மட்டும்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் உன் அப்பாவின் மூளை வேலை செய்தது. பத்திரிகை மாதிரியை நான் யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் பிள்ளையார் பெரிதா சிலுவை பெரிதா என்று ஆரம்பித்திருப்பார்கள். வெறும் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒவ்வோர் இடத்தையும் சத்தமாகப் படித்து, அங்கே என்ன வர வேண்டும் என்று கேட்டேன். என் அம்மா பெண்ணின் பெயரில் மடக்கினாள். "நம்ம கோயில்காரங்களுக்குக் குடுக்கிறதுல மட்டும் மேரி சாவித்திரின்னு போடுப்பா, யாருக்குத் தெரியப்போவுது" என்றாள். "அவளுக்குத் தெரியும்மா" என்றேன். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், சாவித்திரி வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருப்பவள் என்று கேள்விப்பட்டு, நம்மைவிட பக்தியான பெண்ணாக இருக்கிறாளே என்று தானே இறங்கிவந்தாள்.

அந்தப் பக்கம் சாவித்திரியின் அத்தை இன்னும் கெட்டிக்காரி. "எடம்ங்கிறதுல கோயில்னு மட்டும் போட்டுடு தம்பி. எந்தக் கோயில்னு எதுக்கு? நீங்களும் கோயில்னுதான் சொல்றீங்க, நாங்களும் கோயில்னுதான் சொல்றோம். படிக்கிறவங்க அவங்கவங்களுக்குத் தோணினத நெனச்சுக்கட்டும்" என்றாள். ஒரு நிமிடம் எனக்கே ஆசையாக இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்ற அந்தச் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். "கோயில் பேரு, தெருப் பேரு ரெண்டும் வரணும் அத்தை. இல்லன்னா நீங்க கல்யாணத்தன்னிக்கு வேற கோயில்ல போய் உக்காந்திருப்பீங்க" என்றேன். நேரத்தில் மட்டும் அத்தை விடவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தேவாலயம் கிடைத்தது. அது ராகு காலம். பாதிரியாரிடம் போய் நின்றேன். மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ராகுவுக்காக நான் நேரத்த மாத்தினேன்னு வெளிய சொல்லாதப்பா. எனக்குப் பத்து மணிக்கு வேற வேல வந்துடுச்சுன்னு சொல்லு" என்று பதினொன்று ஆக்கிக் கொடுத்தார். சீட்டில் பதினொன்று என்று எழுதினேன். இரண்டு வீட்டுக்கும் மறுபடி போய்ப் படித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டிய பிறகு ஒரே சீட்டை ரெங்கன் அண்ணனிடம் கொடுத்தேன்.

ஒரே சீட்டிலிருந்து மூன்று பத்திரிகை கோத்தார் அவர். பிள்ளையார் தலைப்பில் மஞ்சள் அட்டை, சிலுவைத் தலைப்பில் வெள்ளை அட்டை, ஆங்கிலத்தில் வெள்ளிக் கரை போட்ட அட்டை. முகம்தான் வேறு வேறு. உள்ளே எல்லாம் ஒன்று. மாணிக்கத்துக்குச் சொல்லி அனுப்பினோம். ஒரு சாயங்காலம் வந்தார், உன் அம்மாவும் கூட வந்தாள். கவுண்டரில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்று அட்டையிலும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனார். பெண்ணின் பெயர், மூன்றிலும் சாவித்திரி. தேவாலயத்தின் பெயர், மூன்றிலும் இருந்தது. நேரம், மூன்றிலும் பதினொன்று. நானா மறந்துபோய் வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மூன்றிலும் என் அப்பாவின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இவரு நெஜமாவே போயிட்டாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் தோளில் கை வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

பெண்ணின் அப்பா இடம் வந்தது. விரல் மறுபடி நின்றது. மஞ்சள் அட்டையில் அவர் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி இருந்தது. மற்ற வரிகளோடு சேராமல், ஒரு சொல் உட்காரும் அளவுக்கு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. ரெங்கன் அண்ணன் வேண்டுமென்றே அப்படி விட்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இங்க ஏன் காலியா இருக்கு?" என்றார் மாணிக்கம்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ரெங்கன் அண்ணன் வந்தார். கையில் அந்தச் சின்ன ஈயத் துண்டு. "அங்க இதுதாங்க இருக்கு. எழுத்தில்லாத ஈயம். நீங்க உசுரோட இருக்கீங்கன்னு அர்த்தம். சும்மா விட்டா பழைய சொல்லு வந்து உக்காந்துக்கும்னு நானே வச்சேன்" என்று கவுண்டரில் வைத்தார். மாணிக்கம் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லாத ஒரு துண்டு. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார், நானா சிரித்தார், உன் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். "சரி" என்றார் கடைசியில். "அடிங்க. இந்தத் துண்ட மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

கல்யாணம் எப்படி நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஆல்பத்தில் பார்த்திருக்கிறாய். தேவாலயத்தில் இடப்பக்கம் முழுக்கத் திருநீறு, வலப்பக்கம் முழுக்க ஜெபமாலை, நடுவில் தொப்பியோடு நானா. பத்து மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள், ஒருவரும் தவறான இடத்துக்குப் போகவில்லை, ஒருவரும் வாசலில் நிற்கவில்லை. அத்தைதான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீ பிறந்ததும் இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற பெயர் வேண்டும் என்று மறுபடி ஒரு சீட்டு எழுதினோம். அருள் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எண்பதுகளில் ஆஃப்செட் அச்சு இயந்திரம் வந்து ஈய எழுத்துகளையெல்லாம் எடைக்குப் போட்டோம். எனக்கு அதில் வருத்தமே இல்லை, ரெங்கன் அண்ணனின் முதுகுவலியும் அதோடு போயிற்று. சீட்டு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் நம் கடைக்கு வருகிறவரிடம் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் எழுதுகிறோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திய நீ, புதன்கிழமை சாயங்காலம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய். "சரியாயிடுச்சுப்பா. டெம்ப்ளேட் இப்போ எதையும் யோசிக்காது. அதுக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் நான் ரெடி பண்ணிடறேன். டைட்டில் இல்லன்னா இல்லன்னே சொல்லி அனுப்பறேன். இப்போ எந்தக் கம்பெனி லெட்டர் டிசைன்ல போட்டாலும் ஓடுது. மேனேஜர் கை குடுத்தாருலா" என்றாய். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன் இல்லையா, அது பொறாமையால் அல்ல. நானும் உன் அம்மாவும் ஒரு மனுஷரைச் சாகடித்துக் கற்றுக்கொண்டதை, நீ யாரும் சொல்லித்தராமல் மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டாய். சொல்லித்தருவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஒரே வித்தை அது. அதற்கும் வாய்ப்பில்லாமல் பண்ணிவிட்டாய். இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

எனவே புத்தி சொல்ல எனக்கு அதிகம் மிச்சமில்லை. முகாமில் உனக்கு ஒரு முடிவெட்டு, ஒரு சீருடை, ஓர் எண் கொடுப்பார்கள். அவர்களுடைய மாதிரி அது, அதில் நீ அழகாகவே உட்காருவாய். கோயிலில் ஒரு முகம், தாத்தாவோடு தைப்பூசத்துக்குப் போகும்போது ஒரு முகம், சீனப் பையன்களோடும் மலாய்ப் பையன்களோடும் கூடாரத்தில் ஒரு முகம், எதுவும் தப்பில்லை. எங்கே கேட்டாலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும், உன் அம்மா யார், அப்பா யார் என்பது ஒன்றாக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு. வெறுமனே விட்டால் பக்கத்தில் இருக்கிறவன் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். உன்னால் பெருமை வருமா என்று நாங்கள் காத்திருக்கவில்லை, ஏற்கெனவே வந்துவிட்டது. நம் வீட்டருகே மார்சிலிங் பேருந்து நிறுத்தத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் உன் மளிகைக் கடை டாக்டர் கதையைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அந்த ஈயத் துண்டு இன்னும் தாத்தாவிடம்தான் இருக்கிறது, பர்ஸில், பஸ் கார்டுக்குப் பின்னால். முகாமுக்குப் போகும்போது உனக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நேற்று கேட்டுப் பார்த்தேன். "நான் போனதுக்கப்புறம் எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார். அதனால் உனக்கு இந்தக் கடிதம் மட்டும்தான்.

நாளை மறுநாள் முகாம் வாசலில் அம்மா அழுவாள், நான் அழ மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அழுவேன், நீ எங்கள் இருவரையும் தெரியாதவன் போல முகத்தைத் திருப்பிக்கொள்வாய். கொஞ்சம் வலப்பக்கம் பார். காலஞ்சென்ற திரு. மாணிக்கம் அவர்களும் வருகிறார். சட்டையைத் தேய்த்து, நாற்காலியில் போட்டு, இப்போதே தயாராக வைத்துவிட்டார்.

அப்பா
(பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்ட அம்மாவும்)